திருடியவரிடமிருந்தே நட்டஈடு வாங்க முடியுமா?

கேள்வி இதுதான்: வீட்டுக்குள் புகுந்து திருடிய ஆள் பிடிபட்டுவிட்டார். போன பொருளில் கொஞ்சம் கிடைத்தது, மீதி போனது போனதுதான். உள்ளே வருவதற்காகக் கதவையும் ஜன்னலையும் வேறு உடைத்திருக்கிறார். போலீஸ் வழக்கு நடக்கிறது. இந்த நஷ்டத்தையெல்லாம் அந்த ஆளிடமிருந்தே வாங்க வழி உண்டா? அதற்குத் தனியாக வழக்குப் போட வேண்டுமா?

வழி உண்டு. பெரும்பாலான நாடுகளில் தனி வழக்குப் போடாமலே கேட்கலாம். ஆனால் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்குவது வேறு, பணத்தைக் கண்ணால் பார்ப்பது வேறு. பலரும் முதல் விஷயத்துக்காக வருடக்கணக்கில் அலைகிறார்கள், இரண்டாவதைப் பற்றி யோசிப்பதே இல்லை. என் அனுபவத்தில், பணம் கிடைக்க அதிக வாய்ப்புள்ள காலம் தண்டனை அறிவிக்கப்படுவதற்கு முந்தைய காலம்தான். அதற்குப் பிறகு அந்த ஆளுக்குக் கொடுக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. ஆகவே கீழே சொல்லும் எதையும் ‘கேஸ் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் ஓர் அடிப்படை. குற்ற வழக்கு அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையே நடப்பது. அதில் நீங்கள் வாதி அல்ல, சாட்சி. சிவில் வழக்கில்தான் நீங்கள் வாதி. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில், ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில், ‘நடந்திருக்கவே அதிக வாய்ப்பு’ என்ற அளவுக்குக் காட்டினால் போதும். அதனால் குற்ற வழக்கில் விடுதலையானவர் மீதும் சிவில் வழக்கு ஜெயிக்கலாம். இதற்கு உலகம் அறிந்த உதாரணம், கொலை வழக்காக இருந்தாலும், அமெரிக்க முன்னாள் விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சன். 1995-ல் குற்ற வழக்கில் விடுதலை. 1997-ல் சிவில் வழக்கில் 3 கோடியே 35 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. 2024-ல் அவர் இறக்கும்போதும் அதில் பெரும்பகுதி கொடுக்கப்படவில்லை. நான் மேலே சொன்ன வித்தியாசத்துக்கும் இதுவே உதாரணம்.

இனி செலவு குறைந்த வழிக்கு வருவோம்: குற்ற வழக்கிலேயே இழப்பீடு கேட்பது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 395-ஆம் பிரிவு, அபராதத் தொகையிலிருந்தோ, அபராதமே விதிக்காவிட்டாலும் தனியாகவோ, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. பழைய சட்டத்தில் இது 357-ஆம் பிரிவு. இழப்பீடு தரலாமா என்று யோசிப்பது நீதிமன்றத்தின் கடமை, தந்தாலும் மறுத்தாலும் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் சொல்லியிருக்கிறது. இங்கிலாந்திலும் இழப்பீட்டு உத்தரவு போடாவிட்டால் நீதிபதி காரணம் சொல்லியாக வேண்டும். அபராதம், இழப்பீடு இரண்டையும் கட்டும் வசதி அந்த ஆளுக்கு இல்லையென்றால் அங்கே இழப்பீட்டுக்குத்தான் முன்னுரிமை. அமெரிக்காவில் 1996-ல் வந்த சட்டம் கூட்டாட்சிச் சட்டத்தில் வரும் பெரும்பாலான சொத்துக் குற்றங்களுக்கு இழப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பிரான்சில் இன்னும் ஒரு படி மேல்: பாதிக்கப்பட்டவர் குற்ற வழக்கிலேயே சிவில் தரப்பாகச் சேர்ந்து, தன் வக்கீல் மூலம் நேரடியாகவே கேட்கலாம். ஜெர்மனியிலும் குற்ற வழக்கோடு சிவில் கோரிக்கையை இணைக்கும் ஏற்பாடு உண்டு.

இவ்வளவு சட்டம் இருந்தும் ஏன் நிறையப் பேருக்கு எதுவும் கிடைப்பதில்லை? நஷ்டம் எவ்வளவு என்று யாரும் நீதிபதியிடம் சொல்லாததுதான் பெரிய காரணம். அரசு வழக்கறிஞரின் கவனம் குற்றத்தை நிரூபிப்பதில் இருக்கும். உங்கள் ஜன்னல் கண்ணாடிக்கான பில் அவர் கையில் இருக்காது. நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கனடாவில் இதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது, அதை நிரப்பிக் கொடுத்தால் நீதிபதி கணக்கில் எடுத்தாக வேண்டும். படிவம் இல்லாத நாட்டில் வெள்ளைத் தாளில் எழுதினாலும் போதும்: வழக்கு எண், பொருள்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் தொகை, ஆதார நகல், கடைசியில் மொத்தம். ஒரு பிரதியை விசாரணை அதிகாரியிடமும் ஒன்றை அரசு வழக்கறிஞரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆள் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் ஒரே நாளில் தண்டனையும் அறிவிக்கப்பட்டுவிடலாம். உங்கள் பட்டியல் மறுநாள் போய்ச் சேர்ந்து பயனில்லை.

பட்டியலில் எதைச் சேர்ப்பது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய தொலைக்காட்சிக்குப் புதுசின் விலையைப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். பெரும்பாலான நீதிமன்றங்கள் தருவது திருடப்பட்ட அன்றைய சந்தை மதிப்பு, தேய்மானத்தைக் கழித்துவிடுவார்கள். உடைந்ததற்கு, சரிசெய்ய ஆன நியாயமான செலவு. பூட்டு மாற்றியது, கதவைத் தற்காலிகமாக அடைத்தது, திருடு போன ஆவணங்களுக்கு மறுபிரதி எடுத்தது, இவையெல்லாம் திருட்டின் நேரடி விளைவுகள், தயங்காமல் சேர்க்கலாம். பாட்டியின் மோதிரத்துக்கு உலோகத்தின் மதிப்பும் செய்கூலியும் கிடைக்கலாம், அவர் நினைவுக்கு விலை கிடைக்காது. ரிப்பேர் செய்வதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள், உடைந்த பூட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதே சமயம், வழக்கு முடியட்டும் என்று உடைந்த ஜன்னலை அப்படியே விட்டு மழை உள்ளே வந்து தரையும் கெட்டுப்போனால், அந்தக் கூடுதல் சேதத்தை உங்கள் தலையிலேயே போடுவார்கள். நஷ்டம் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாதிக்கப்பட்டவரின் பொறுப்பு என்பது சிவில் சட்டத்தில் ஊறிய கொள்கை.

ரசீது இல்லையா? வங்கிக் கணக்கு விவரம், இணையத்தில் வாங்கியிருந்தால் ஆர்டர் வந்த மின்னஞ்சல், பெட்டியில் ஒட்டியிருக்கும் வரிசை எண், பொருள் வீட்டில் இருந்ததைக் காட்டும் பழைய புகைப்படம், எல்லாமே ஆதாரம்தான். நகைக்குக் கல்யாணப் படங்களை நீட்டியவர்கள் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சந்தேகத்துக்குரிய ஒரு பொருளைச் சேர்ப்பது மட்டும் வேண்டாம். குற்ற வழக்கு நீதிபதிக்கு நீண்ட கணக்குச் சண்டையில் இறங்க நேரமும் கிடையாது, விருப்பமும் கிடையாது. தொகையில் பெரிய தகராறு வந்தால் ‘இதை சிவில் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மொத்தத்தையும் ஒதுக்கிவிடலாம். மறுக்க முடியாத பத்துப் பொருள்கள் கொண்ட சிறிய பட்டியலே, முப்பது பொருள்கள் கொண்ட சண்டைப் பட்டியலைவிட அதிகப் பணம் கொண்டுவரும்.

யாரும் சொல்லித் தராத ஒரு விஷயம், குற்றப்பத்திரிகையைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது. இழப்பீடு பொதுவாக எந்தக் குற்றத்துக்காகத் தண்டனை கிடைத்ததோ அந்தக் குற்றத்தால் வந்த நஷ்டத்துக்குத்தான். திருட்டுக்கு மட்டும் வழக்குப் போட்டு, கதவை உடைத்ததை விட்டுவிட்டால், கதவுக்கான பணம் கேள்விக்குறியாகிவிடும். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பேரத்தில் சில குற்றச்சாட்டுகளைக் கைவிடும்போதும் இதே ஆபத்து உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1990-ல் ஹ்யூயி வழக்கில் இதை வெளிப்படையாகவே சொன்னது: ஒருவர் பல திருட்டுக் கடன் அட்டைகளைப் பயன்படுத்தியதாகக் குற்றச்சாட்டு, ஒப்புக்கொண்டது ஓர் அட்டைக்கு மட்டும், எனவே நட்டஈடும் அந்த ஓர் அட்டைக்கு மட்டும்தான். (பேரத்தில் எழுதி ஒப்புக்கொண்டால் கூடுதலாகவும் உத்தரவிடலாம் என்று பின்னர் சட்டத்தைத் திருத்தினார்கள்.) அதனால் பேரம் நடக்கிறது என்று காதில் விழுந்தால் அரசு வழக்கறிஞரிடம் போய், ‘கைவிடப்படும் குற்றச்சாட்டின் நஷ்டத்தையும் நிபந்தனையில் சேருங்கள்’ என்று கேளுங்கள். இந்தியாவில் இப்படிப்பட்ட பேரத்துக்கான பேச்சில் பாதிக்கப்பட்டவருக்கும் இடம் உண்டு. அவருக்கான இழப்பீட்டையும் உடன்பாட்டில் சேர்க்கலாம்.

மீட்கப்பட்ட பொருள்களைப் பற்றி. அவை வழக்குச் சொத்தாக முடங்கிக் கிடக்க வேண்டிய அவசியமில்லை. வழக்கு நடக்கும்போதே இடைக்காலமாக ஒப்படைக்கக் கோரி மனுப் போடலாம். வாகனங்கள் காவல் நிலைய வாசலில் துருப்பிடிப்பதைப் பார்த்துத்தான், படம் எடுத்து, பஞ்சநாமா (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் விவரப் பதிவு) எழுதி, உறுதிப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் அறிவுறுத்தியது. புதிய சட்டத்தின் 497-ஆம் பிரிவில் படமும் வீடியோவும் எடுப்பதற்கான முறையும், ஒப்படைப்பதற்கான கால வரம்பும் எழுத்திலேயே வந்துவிட்டன. அப்படி வாங்கிய பொருளை வழக்கு முடியும்வரை விற்கவோ மாற்றவோ கூடாது.

பொருள் வேறொருவர் கைக்குப் போயிருந்தால்? திருடியவருக்கே உரிமை இல்லாததால் அவரிடம் வாங்கியவருக்கும் உரிமை வராது என்பது ஆங்கிலேய மரபின் பொது விதி. (இங்கிலாந்திலேயே வேடிக்கையான ஒரு விதிவிலக்கு இருந்தது. சில சந்தைகளில் பகல் வெளிச்சத்தில் நல்லெண்ணத்தோடு வாங்கினால் திருட்டுப் பொருளும் சொந்தமாகிவிடும். 1995 ஜனவரியில்தான் அது ஒழிந்தது.) பிரான்சில் உரிமையாளர் மூன்று வருடத்துக்குள் கேட்டு வாங்கலாம். ஆனால் வைத்திருப்பவர் அதைச் சந்தையிலோ அத்தகைய பொருள் விற்கும் வியாபாரியிடமோ வாங்கியிருந்தால், அவர் கொடுத்த விலையை உரிமையாளர் கொடுத்தாக வேண்டும். எந்த நாடானாலும் பொருள் இருக்குமிடம் தெரிந்ததும் நேரே போய்ப் பிடுங்கிக்கொண்டு வரும் வேலை வேண்டாம். போலீசிடம் சொல்லுங்கள். தெரிந்தே வாங்கியவர் என்றால் அவரும் குற்றவாளி. நட்டஈடு கேட்க இன்னொரு ஆள் கிடைக்கிறார்.

காப்பீடு இருந்தால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும், திருடியவரை அல்ல. காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த தொகையளவுக்கு அந்த ஆளிடம் வசூலிக்கும் உரிமை அதற்குப் போய்விடும். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு முறை வாங்க முடியாது. ஆனால் நிறுவனம் கழித்துக்கொண்ட பங்கையும், பாலிசியில் அடங்காத பொருள்களையும் நீங்கள் குற்ற வழக்கில் கேட்கலாம். அந்த ஆளோடு ஏதாவது தொகைக்கு ஒத்துப்போய் ‘இனி கோரிக்கை இல்லை’ என்று எழுதிக் கொடுப்பதற்கு முன் நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய வசூல் உரிமையை நீங்கள் கெடுத்துவிட்டதாகச் சொல்லி உங்கள் பணத்தை மறுக்கக்கூடும்.

அரசு நிதியை இதில் நம்ப வேண்டாம். பாதிக்கப்பட்டவர்களுக்கான நீதி பற்றி ஐ.நா. பொதுச்சபை 1985-ல் வெளியிட்ட பிரகடனமே, பொருளைத் திருப்பித் தருவதையும் நஷ்டத்தை ஈடுகட்டுவதையும் குற்றவாளியின் பொறுப்பாகச் சொல்லிவிட்டு, அரசு உதவியை முக்கியமாக உடல், மனப் பாதிப்புகளுக்கே ஒதுக்குகிறது. இங்கிலாந்தின் அரசுத் திட்டமும் வன்முறையால் காயம்பட்டவர்களுக்கானது, உடைந்த கதவுக்கானது அல்ல.

சிவில் வழக்கு எப்போது போட வேண்டும்? என் பதில் கொஞ்சம் கசப்பாக இருக்கும்: அந்த ஆளிடம் ஏதாவது இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும். வேலை, வண்டி, நிலம், வங்கிக் கணக்கு, இவற்றில் ஒன்றுகூட இல்லாதவர் மீது வாங்கும் டிகிரி (சிவில் நீதிமன்றத்தின் தீர்ப்பாணை), கண்ணாடிச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் உதவும். டிகிரி வாங்கினாலும் ஜப்தி செய்ய முடியாதவை என்று ஒரு பட்டியல் அநேகமாக எல்லா நாட்டுச் சட்டத்திலும் உண்டு: உடுப்பு, சமையல் பாத்திரம், தொழில் கருவி, சம்பளத்தில் ஒரு பகுதி என்று. தொகை சிறியதென்றால், உங்கள் நாட்டில் சிறு வழக்குகளுக்கான எளிய நீதிமன்றம் இருந்தால், வக்கீல் இல்லாமலே முயன்று பார்க்கலாம்.

வசதி உள்ளவர் வேறு யாராவது பொறுப்பாவாரா என்றும் பாருங்கள். கூட்டாளிகள் இருந்தால் ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. நால்வரில் ஒருவரிடம் பணம் இருந்தால் போதும். திருடியவர் சிறுவன் என்றால் நாட்டுக்கு நாடு வித்தியாசம். பிரான்சில் பெற்றோரே பொறுப்பு. இங்கிலாந்தில் 16 வயதுக்குக் குறைந்தவர் என்றால் இழப்பீட்டைப் பெற்றோர் கட்டும்படி குற்ற நீதிமன்றம் பொதுவாக உத்தரவிடும். அமெரிக்க மாநிலங்களில் பெற்றோர் பொறுப்புக்குத் தனிச் சட்டங்கள் உண்டு, பலவற்றில் உச்சவரம்பும் உண்டு.

காலக்கெடுவை மட்டும் தவறவிடாதீர்கள். இந்தியாவில் திருட்டுப்போன அசையும் பொருளுக்கு, அது யார் கையில் இருக்கிறது என்று முதலில் தெரிந்த நாளிலிருந்து 3 வருடம். இங்கிலாந்தில் பொதுவாக 6 வருடம். குற்ற வழக்கு இழுத்துக்கொண்டே போகும்போது இந்தக் கடிகாரம் தானாக நிற்கும் என்று நினைக்காதீர்கள். குற்ற வழக்கின் தண்டனைத் தீர்ப்பு சிவில் வழக்கில் எவ்வளவு உதவும் என்பதும் மாறுபடும். இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனை பெற்றவர்தான் ‘நான் செய்யவில்லை’ என்று நிரூபிக்க வேண்டும். இந்தியாவில் அந்தத் தீர்ப்பு சிவில் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆதாரங்களை மறுபடி வைக்க வேண்டும். குற்ற வழக்கில் ஏற்கெனவே இழப்பீடு வாங்கியிருந்தால் சிவில் நீதிமன்றம் அதைக் கழித்துத்தான் தரும்.

பல மடங்கு கேட்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. பழங்கால பாபிலோன் மன்னர் ஹமுராபி காலத்தில் சாமானியரின் மாட்டைத் திருடினால் பத்து மடங்கு. பழைய ரோமில் கையும் களவுமாகப் பிடிபட்டால் நான்கு மடங்கு. இப்போது பொதுவாக உண்மையான நஷ்டம் மட்டும்தான். அமெரிக்காவின் ஃபுளோரிடா போன்ற சில இடங்களில் திருட்டுக்கு சிவில் வழக்கில் மும்மடங்கு கேட்கச் சட்டம் இருக்கிறது. ஃபுளோரிடாவில் ஆதாரம் பலவீனமாக இருந்து தோற்றால் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவு உங்கள் தலையில் விழலாம்.

சமாதானப் பேச்சு. ஜாமீன் கேட்கும்போதும் தண்டனை நெருங்கும்போதும் அந்த ஆளின் குடும்பத்தார் வந்து பேசுவது உலக வழக்கம். நஷ்டத்தை ஈடுகட்டிவிட்டேன் என்று காட்டினால் தண்டனை குறையலாம் என்பதால் உங்களுக்கு இதைவிட நல்ல நேரம் வராது. இந்தியாவில் 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டில், முதல் முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை என்று சட்டமே சொல்கிறது. சாதாரணத் திருட்டை உரிமையாளர் ராஜி செய்துகொள்ளவும் முடியும். வீட்டுக்குள் நடந்த திருட்டும் வீட்டை உடைத்துப் புகுந்ததும் அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் ‘கேஸை வாபஸ் வாங்குகிறேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. பணம் வாங்குவதென்றால் வக்கீல் முன்னால், வங்கி வழியாக, ‘நஷ்டத்துக்காக’ என்று எழுதி, நீதிமன்றத்துக்கும் தெரிவித்து வாங்குங்கள். ‘பணம் கொடு, இல்லாவிட்டால் போலீசுக்குப் போவேன்’ என்று செய்தி அனுப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம். மிரட்டிப் பணம் பறித்ததாக உங்கள் மீதே வழக்கு வரலாம். சாட்சி சொல்லாமல் இருப்பதற்காகப் பணம் என்ற பேச்சு வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சொத்து கைமாறும் என்று பயமிருந்தால் முடக்கக் கேளுங்கள். இந்தியாவில் புதிய சட்டத்தின் 107-ஆம் பிரிவு, குற்றத்தால் வந்த சொத்தை முடக்கி, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வழி செய்கிறது. விசாரணை அதிகாரிதான் அதைத் தொடங்க முடியும், ஆகவே அவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். சிவில் வழக்கிலும் தீர்ப்புக்கு முன்னாலேயே முடக்கக் கோரலாம். கைதானபோது அந்த ஆளிடம் ரொக்கம் எடுத்தார்களா என்றும் விசாரியுங்கள். பல வழக்குகளில் கடைசிவரை மிஞ்சுவது அந்தப் பணம் மட்டும்தான்.

உத்தரவு வந்த பின் யார் வசூலிப்பது? இங்கிலாந்தில் நீதிமன்றமே அபராதம் போல வசூலித்து அனுப்பிவிடும். கனடாவில் தனி உத்தரவாக வந்திருந்தால் அதை சிவில் நீதிமன்றத்தில் பதிவு செய்து நீங்களே வசூலிக்க வேண்டும். பிரான்சில் 2008 முதல் ஓர் அரசு நிதி முன்னால் வந்து, 1,000 யூரோ வரையிலான தீர்ப்புத் தொகையை முழுதாகவும், அதற்கு மேல் ஒரு பகுதியையும் கொடுத்துவிட்டு, பின்னால் குற்றவாளியைத் துரத்துகிறது. எல்லா நாடும் காப்பியடிக்க வேண்டிய ஏற்பாடு என்பேன். அமெரிக்கக் கூட்டாட்சி வழக்குகளில் இந்தக் கடன் சிறையிலிருந்து வெளிவந்த பிறகும் 20 வருடம் தொடரும், திவாலானேன் என்று சொல்லியும் தப்ப முடியாது. இந்தியாவில் இழப்பீடு குறைவு என்று தோன்றினால் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். அந்த ஆள் மேல்முறையீடு செய்தால் அது முடியும்வரை உங்கள் பணம் நிற்கும்.

பெரும்பாலும் தவணையாகத்தான் வரும், சில சமயம் மாதத்துக்கு ஒரு சிறு தொகையாக, வருடக்கணக்கில். இடையில் வீடு மாறினாலோ வங்கிக் கணக்கை மூடினாலோ வசூலிக்கும் அலுவலகத்துக்குப் புதிய விவரத்தை எழுதிக் கொடுங்கள். தவணை நின்றால் உங்களைத் தேடிவந்து யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கவனித்து மனுப் போட வேண்டும்.